சுண்ணாம்புக் கணக்கு: ஜனவரி நாட்குறிப்பு

ஜனவரி 3, வெள்ளி

அரையாண்டு விடைத்தாள்களை இன்று இரவுதான் திருத்தி முடித்தேன். பிளஸ் ஒன் வேதியியல், மொத்தம் 41 தாள். அதில் ஒரு மூன்று மதிப்பெண் கேள்வி: ‘சில வினைகள் வெப்பத்தை வெளியிடுவது ஏன்?’ 29 பேர் எழுதியிருப்பது ஒரே பதில். ‘பிணைப்பு உடையும்போது அதற்குள் இருந்த ஆற்றல் வெளியே வருகிறது.’

பார்த்து எழுதியதல்ல, ஒவ்வொருவரும் சொந்த வார்த்தையில்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் ‘தேங்காயை உடைத்தால் தண்ணீர் வருவது போல’ என்று உவமையே கொடுத்திருக்கிறாள். அந்த வரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொந்தமாக யோசித்து எழுதிய பிள்ளைக்குச் சுழி போட மனம் வரவில்லை, ஆனால் போட்டுத்தான் ஆகவேண்டும். அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, வெப்ப உமிழ் வினை என்று வரையறைகளையெல்லாம் தவறில்லாமல் எழுதுகிறார்கள். அத்தனைக்கும் அடியில் இருக்கிற ஒரு கருத்து மட்டும் தலைகீழாகக் கிடக்கிறது.

எனக்கும் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு வரை அப்படித்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் திருத்தவுமில்லை. இந்த 41 பேரை அப்படியே பிளஸ் டூவுக்கு அனுப்பமாட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய இரண்டு காந்தங்களை எடுத்துப் போனேன். முதல் வரிசையில் இரண்டு பேரிடம் கொடுத்து, ஒட்டியிருப்பதைப் பிரிக்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். பிரிந்தது. மறுபடி பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன். ‘டக்’ என்று பாய்ந்து ஒட்டிக்கொண்டது.

“சத்தம் எப்போ வந்துச்சு? பிரிச்சப்பவா, சேர்ந்தப்பவா?”

“சேர்ந்தப்ப டீச்சர்.”

“கை வலிச்சது எப்போ?”

“பிரிச்சப்ப.”

வேறெதுவும் விளக்காமல் கரும்பலகையில் ஒரு வரி எழுதினேன்: உடைக்கச் செலவு, சேர்ந்தால் வரவு. அணுக்கள் இணையும்போது ஆற்றல் குறைந்த நிலைக்கு இறங்குகின்றன; இறங்கிய அளவுக்கு ஆற்றல் வெளியேறுகிறது. பிரிக்க வேண்டுமானால் அதே அளவைத் திரும்பக் கட்ட வேண்டும். பிணைப்பு என்பது ஆற்றலை ஒளித்துவைத்த பெட்டி அல்ல. ஆற்றலைக் கொடுத்துவிட்டு அடங்கிய நிலை.

தேங்காய் உவமை எழுதிய பெண் காந்தத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். மணி அடித்தபிறகும் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று எண்களோடு. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதை எடுத்துக்கொண்டோம். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்க 436 கிலோ ஜூல். (மோல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ண வேதியியல் வைத்திருக்கும் ‘டஜன்’.) குளோரின் பிணைப்புக்கு 242. மொத்தச் செலவு 678. இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு உருவானால் வரவு 431-ஐ இரண்டால் பெருக்கி 862. மிச்சம் 184 கிலோ ஜூல். வெளியே வருகிற வெப்பம் இந்த மிச்சம்தான். செலவு இல்லாமல் நடக்கும் வினை அபூர்வம். வரவு அதிகமானால் வெப்ப உமிழ், செலவு அதிகமானால் வெப்பங்கொள்.

“அப்ப பட்டாசு வெடிக்கிறது, டீச்சர்?” என்றான் கடைசி பெஞ்சுப் பையன். நல்ல கேள்வி. வெடிமருந்தில் உடைய வேண்டிய பிணைப்புகள் மலிவானவை. உருவாவதோ நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பு, ஒரு மோலுக்கு 945 கிலோ ஜூல். கூடவே கார்பன் டை ஆக்சைடின் வலுவான பிணைப்புகள். சின்னச் செலவு, பெரிய வரவு, அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். திரியில் வைக்கிற நெருப்பு முதல் செலவுக்குப் போடுகிற முதலீடு. அதைத்தான் புத்தகம் கிளர்வு ஆற்றல் என்கிறது.

மதியம் உயிரியல் டீச்சரோடு கொஞ்சம் வாக்குவாதம், அன்பாகத்தான். உடல் செல்கள் ஆற்றலுக்குச் செலவழிக்கும் ஏடிபி மூலக்கூறின் ‘உயர் ஆற்றல் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளிவருகிறது’ என்று அவர் வகுப்பில் சொல்கிறார். பாடம் அப்படித்தான் பழகிப்போயிருக்கிறது. அங்கேயும் பாஸ்பேட் பிணைப்பை உடைக்கச் செலவு உண்டு. தண்ணீரோடு சேர்ந்து புதிதாக உருவாகும் பிணைப்புகளும், விளைபொருள்களைத் தண்ணீர் சூழ்ந்துகொள்வதும் அதைவிட அதிகமாகத் தருவதால்தான் மோலுக்குச் சுமார் 30 கிலோ ஜூல் மிஞ்சுகிறது. “இனிமே ‘உடைஞ்சு’ன்னு சொல்லாம ‘நீராற்பகுத்தலில்’னு சொல்றேன்” என்றார். ஒரு சொல் மாறினால் போதும், பிள்ளைகள் தலையில் பாதிச் சிக்கல் தீரும்.

ஜனவரி 9, வியாழன்

அடுத்த தலைகீழ்: ‘கால்சியம் எண்ம நிலையை அடைய ஆசைப்பட்டு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது.’ எண்ம நிலை என்றால் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள். 1916-இல் கோசல், லூயிஸ் என்ற அறிவியலாளர்கள் தனித்தனியே வகுத்த கருத்து எண்ம விதியாக நம் பாடத்தில் நிற்கிறது. நல்ல வழிகாட்டி அது. ஆனால் அணுவுக்கு ஆசை கிடையாது.

கால்சியத்திலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 590 கிலோ ஜூல். இரண்டாவதுக்கு 1145. இரண்டும் சேர்ந்து 1735, எல்லாமே செலவு. இதில் ‘கொடுக்கிறது’ என்ற சொல்லுக்கே இடமில்லை. ஆக்சிஜன் பக்கச் செலவும் உலோகத்தைத் தனி அணுவாக்கும் செலவும் சேர்த்தால் மோலுக்குச் சுமார் 2800. இவ்வளவையும் அடைப்பது யார்? படிகம். நேரும் எதிருமான அயனிகள் அடுக்கடுக்காக அமரும்போது வெளிவரும் படிகக்கூடு ஆற்றல் சுமார் 3400. மிச்சம் 600-க்கு மேல். கால்சியம் ஆக்சைடு உண்டாகக் காரணம் அந்த மிச்சம்.

“மூணாவது எலக்ட்ரான் ஏன் போகாது?” என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. 4912 என்று எழுதினேன். “அவ்ளோ கடனை எந்தப் படிகமும் அடைக்காது டீச்சர்” என்று முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது. அந்த ஒரு பதிலுக்காக இந்த வாரம் முழுக்க நின்றது வீண்போகவில்லை.

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பெரியப்பா வந்தார். உறவு முறையில்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊரில் பாதிப் பேர் டிஸ்டெம்பருக்கு மாறியாயிற்று. எங்கள் பின்கட்டுச் சுவருக்கு அம்மா இன்னும் கல் சுண்ணாம்புதான் வேண்டும் என்கிறார்.

மூட்டையைப் பிரித்ததும் அவர் செய்த முதல் காரியம்: ஒவ்வொரு கல்லாகக் கையில் ஏந்தி, லேசாக மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிலவற்றை ஒதுக்கினார்.

“என்ன பெரியப்பா பாக்குறீங்க?”

“எடைம்மா. கையில வச்சா காத்து மாதிரி இருந்தா நல்லா வெந்த கல்லு. கனத்தா உள்ள வேகலன்னு அர்த்தம். அது எத்தன தண்ணி ஊத்துனாலும் சும்மா கெடக்கும்.”

நின்ற இடத்தில் நின்றுவிட்டேன். 100 கிலோ சுண்ணாம்புக்கல் முழுதாக வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். இந்த மோல் கணக்கை ஆண்டுதோறும் பலகையில் போடுகிறேன். அவர் அதை உள்ளங்கையில் போடுகிறார்.

“தள்ளி நில்லும்மா, கண்ணுல பட்டா போச்சு” என்று என்னை வாசற்படிக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். முதலில் ஒன்றுமில்லை. கல் தண்ணீரைக் குடித்தது. சின்னதாக ஒரு சீறல். ஒரு நிமிடம் போயிருக்கும், ஒரு கல் நடுவில் விரிந்து பூவாக மலர்ந்தது. பிறகு பக்கத்துக் கல். அப்புறம் டிரம் முழுக்கக் கொதி, வெள்ளை ஆவி, சூடான மண் வாசனை. அடியில் நெருப்பு இல்லை. பச்சைத் தண்ணீர்தான்.

உள்ளே ஓடி நோட்டை எடுத்தேன். 56 கிராம் கால்சியம் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் 65 கிலோ ஜூல். ஒரு கிலோவுக்கு 1160. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 293 வேண்டும். வெப்பம் வீணாகாவிட்டால் ஒரு கிலோ கல், ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடும்!

ஜனவரி 13, திங்கள், போகி

நேற்று அடித்த சுவர் ஈரத்தில் மங்கலாக, பழைய காரை தெரியக் கிடந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கண் கூசுகிற வெள்ளை. இப்போது இருப்பது உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்பு, சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்து ஆனது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 விழுக்காடு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, தண்ணீரை விட்டுவிட்டு, இது மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகும். அதாவது கல்.

இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சூளையில் ஒரு மோல் கல்லை வேகவைக்கச் செலவு 178 கிலோ ஜூல். டிரம்மில் தண்ணீரோடு சேர்ந்தபோது வரவு 65. சுவரில் காற்றோடு சேரும்போது வரவு 113. அறுபத்தைந்தும் நூற்றுப்பதின்மூன்றும் கூட்டினால் 178. சூளையில் கல் வாங்கிக்கொண்ட வெப்பத்தில் ஒரு துளிகூடத் தொலையவில்லை. எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பக் கணக்கு ஒன்றே என்கிற ஹெஸ் விதியை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதன் மேல் கை வைத்துப் பார்த்தது இன்றுதான், பின்கட்டுச் சுவரில்.

அரியலூர்ப் பக்கத்து மண்ணில் இந்தக் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் மற்ற உயிர்களும் கட்டிய ஓடுகள் இதில் கலந்திருக்கின்றன. பிள்ளைகளிடம் இதையும் சொல்லவேண்டும்.

மாலையில் அம்மா ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டார். சிவந்தது. அதுவும் ஒரு வினைதான்: மஞ்சளிலுள்ள குர்குமினிடமிருந்து சுண்ணாம்பு புரோட்டானைப் பிடுங்குகிறது, எலக்ட்ரான்கள் பரவும் விதம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் திரும்பிவிடும். தட்டில் பிழிய அம்மா விடமாட்டார். தனியாக ஒரு கிண்ணத்தில் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 20, திங்கள்

பள்ளி திறந்தது. சுண்ணாம்புக் கதையைச் சொல்லி, மூன்று எண்களையும் போட்டேன். தேங்காய்ப் பெண் கை தூக்கினாள்.

“செலவு அதிகம்னா அந்த வினை நடக்கவே கூடாதுல்ல டீச்சர்? சூளையில மட்டும் ஏன் நடக்குது?”

இரண்டு வாரத்துக்கு முன் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் கொட்டும் என்று எழுதிய பிள்ளை! பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டு அந்தக் கேள்விக்கே பாடவேளையைக் கொடுத்தேன். வரவு செலவு மட்டும் தீர்மானிப்பதில்லை. கல்லுக்குள் கட்டுப்பட்டுக் கிடந்த கார்பன் டை ஆக்சைடு வாயுவாகி, வேண்டிய இடமெல்லாம் பரவ முடிகிறது. அதுதான் என்ட்ரோபி உயர்வு. வெப்பநிலை ஏற ஏற அதற்கு மதிப்புக் கூடுகிறது. 178 கிலோ ஜூலை, கெல்வினுக்கு 0.16 என்ற என்ட்ரோபி மாற்றத்தால் வகுத்தால் சுமார் 1110 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ். நடைமுறையில் 900-ஐ ஒட்டி வருகிறது. இவ்வளவு எளிய வகுத்தலுக்கு அது நெருக்கமான விடைதான். சூளையை மேலே திறந்து வைப்பதும் இதற்காகத்தான்: வாயு வெளியேறிக்கொண்டே இருந்தால் வினை முன்னே போகும், மூடிய பாத்திரத்தில் அடைத்தால் ஓர் இடத்தில் நின்றுவிடும்.

அவள் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 27, திங்கள்

டிரம் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த சுண்ணாம்புக் கட்டி ஒன்றைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். எலுமிச்சை அளவு. ஆய்வகத்தில் கையுறை போட்டு, சுத்தியலால் இரண்டாகப் பிளந்தோம். உடைந்த முகத்தின் மேல், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீனைச் சொட்டவிட்டாள் தேங்காய்ப் பெண்.

உள்ளே பளிச்சென்று இளஞ்சிவப்பு பரவியது. அங்கே இன்னும் நீற்றுச் சுண்ணாம்பு. வெளி ஓரத்தில் மட்டும், அட்டைத் தடிமனுக்கு ஒரு வெள்ளை வளையம். அதில் நிறமே ஏறவில்லை. இரண்டு வாரத்தில் காற்று அவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது. வகுப்பே மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டது.

“முழுசாக் கல்லாக எத்தன நாள் ஆகும் டீச்சர்?”

“பாக்கலாம்” என்றேன்.

நிறம் படாத மறுபாதியை ஒரு தட்டில் வைத்து, தேதி எழுதிய காகிதத்தை ஒட்டி, ஆய்வக அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அடுத்த சொட்டு பிப்ரவரி 27-க்கு.