வயிற்றில் இருக்கும் எலும்பு

மே 19, 2025

ஸ்பீச் தெரபி டீச்சர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். நாலு வரி போதுமாம். இதை எழுதவே அரை மணி நேரம் ஆகிவிட்டது.

மே 20

தலைவலி.

மே 22

வாசலில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அதன் பெயர் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. அத்தை திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். கடைசியில் "சூலு" என்று வாயில் வந்தது. மலையாளம்! அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வாயில் கேட்டுக் கேட்டு வந்த சொல்தான். செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது பள்ளிக்கூடம் போனவர். 1956 நவம்பரில் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவருக்குப் பத்து வயது.

வாசல் பெருக்குகிற வாரியல். ராத்திரி சாப்பிடும்போது தானாக வந்தது. சொல் அழிந்து போகவில்லை, எடுக்கிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்கிறார் டீச்சர். எந்த மொழியில் வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்.

மே 24

சாரல் பிடித்துவிட்டது. மண்வாசனை வருகிறது என்றார்கள்.

மே 27

பால் தீய்ந்து சட்டி கறுத்துப் போகிறவரை நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். மாடி வரைக்கும் நாறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கேஸ் கசிந்தாலும் இப்படித்தான் நிற்பேன். அதுதான் பயம். பதினெட்டு வருடமாக அந்த அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டு சமைத்தவள் நான். உப்பு, புளிப்பு, உறைப்பு தெரிகிறது. ஆனால் ரசத்துக்கும் புளித்தண்ணிக்கும் வித்தியாசம் இல்லை.

மூக்கின் உச்சியில் சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கிறதாம். அதன் துளைகள் வழியாக நூலை விட மெல்லிய நரம்புகள் மூளைக்குப் போகின்றன. தலை அடிபட்டு மூளை குலுங்கும்போது அவை அறுந்துவிடுமாம். சிலருக்குத் திரும்ப வரும். வருவதென்றால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வரும் என்றார் டாக்டர். பிப்ரவரியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். இன்னும் எட்டரை மாதம்.

மகள் தூங்கிய பிறகு அவள் தலையை மோந்து பார்த்தேன்.

ஜூன் 1

இன்றும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இன்றும் "ஒண்ணுமில்ல, சும்மா பேசிட்டு வந்தோம்" என்றார்.

எனக்கு இருப்பது இவ்வளவுதான். தைப்பூசம், பிப்ரவரி 11. பண்பொழி திருமலைக்கோவில். படியேறி முடித்து நான் மூச்சு வாங்கினது ஞாபகம் இருக்கிறது. கீழே தென்னந்தோப்புகள் தெரிந்தன. பிறகு அத்தையின் கை, ஃபேன், பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா "மோளே, மோளே" என்று யாரையோ கூப்பிடுகிறார். திருவனந்தபுரம். அதற்குள் பத்தொன்பது நாள் போயிருக்கிறது. அந்த நாட்களில் கண் விழித்தேனாம், பேசினேனாம், நர்ஸை அடிக்கக்கூடப் போனேனாம். அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு அந்தச் சாயங்காலம் வேண்டும். படி இறங்கினதிலிருந்து விழுந்ததுவரை.

அது மறந்து போகவில்லை, பதியவே இல்லை என்கிறார் டாக்டர். நடந்ததைப் பத்திரப்படுத்த மூளைக்குக் கொஞ்சம் நேரம் வேண்டுமாம். அதற்குள் அடி விழுந்துவிட்டது. "தேடாதீங்க, அங்க ஒண்ணும் இல்ல" என்றார். சரி, என் தலையில் இல்லை. வண்டி ஓட்டினவர் தலையில் இருக்குமே. அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். நான் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தேன். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை. இதை எல்லாரும் சொல்கிறார்கள். என்ன பேசிக்கொண்டு வந்தோம் என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சண்டை போட்டேனா? சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜூன் 3

டி.வி. சத்தம். மகளிடம் குறைக்கச் சொன்னேன். குறைத்தாள்தான். ஆனாலும் தட்டைத் தூக்கி எறிந்தேன். சோறெல்லாம் சுவரில். வலிப்பு மாத்திரைக்கும் இப்படிக் கோபம் வரலாமாம், அடிபட்ட இடத்தாலும் வரலாமாம். எதனால் வந்தாலும் எறிந்தது என் கை.

ஜூன் 4

அவள் பேசவில்லை. தலைவலி.

ஜூன் 8

குளிக்கும்போது இன்று தைரியமாகத் தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்கு வலது பக்கம், தோலுக்குக் கீழே. தேங்காய்ச் சிரட்டை விளிம்பு மாதிரி ஒரு வளைவு. என் மண்டையோட்டின் இடது பக்கம் அது. மூளை வீங்கி நெருக்கியதால் எலும்பை வெட்டி எடுத்து வழிவிட்டார்கள். எடுத்ததைக் கெடாமல் இருக்க என் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். திரும்பப் பொருத்தும்வரை அங்கேதான் இருக்கும். வலது பக்கம் திரும்பிப் படுத்தால் குத்துகிறது. இடது பக்கம் தலையை வைக்கவே கூடாது.

எலும்பு இல்லாத இடம் உட்கார்ந்தால் குழிந்து போகிறது, படுத்தால் எழும்புகிறது. இருமினால் துடிக்கிறது. கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொன்னேன்.

வீட்டுக்குள் நடக்கவும் ஹெல்மெட் போட வேண்டும். கக்கூஸ் போகக்கூட. அவர் வாங்கி வந்தது, பூப்போட்டது. பெட்டியைப் பிரிக்கும்போது "இத அப்பவே..." என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் மாடிக்குப் போய்விட்டார்.

ஜூன் 11

நாலு மாதம். மகள் பேசிவிட்டாள். ஃபைலைப் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். சேர்க்கும்போது ஏழு. கண் திறப்பது, பேசுவது, அசைவது மூன்றுக்கும் சேர்த்துப் போடும் மார்க், பதினைந்துதான் முழுசு. எட்டும் அதற்குக் கீழும் வந்தால் கடுமையான அடி. 1974இல் கிளாஸ்கோவில் இரண்டு டாக்டர்கள் கொண்டு வந்த முறையாம். "ஒண்ணுமே செய்யலன்னாலும் மூணு குடுத்துருவாங்கம்மா" என்றாள். பேச்சுக்கு எனக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறது. இப்போது எவ்வளவு போடுவாய் என்று கேட்டேன். கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 15

காலையும் ராத்திரியும் நாலு டப்பா. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து அதையே நினைத்துக்கொண்டு மோந்து பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை. தைலம் மட்டும் எரிகிறது. எரிச்சல் வேறு நரம்பாம், கணக்கில் வராது.

ஜூன் 16

ஒன்றும் இல்லை.

ஜூன் 18

ஃபோன் வந்தது. 24 அட்மிஷன், மறுநாள் ஆபரேஷன். எலும்பு நாள்பட்டுத் தேய்ந்திருந்தால்? பொருந்தாமல் போனால்? மறுபடி எழுந்திருக்கும்போது வாரியலும் போயிருந்தால்?

ஜூன் 21

ராத்திரி அவராகவே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். லைட்டைப் போட வேண்டாம் என்றார்.

"நீ ஏதோ சொன்ன. ஹெல்மெட்டுக்குள்ள, காத்துல, எனக்குக் கேக்கல. என்னன்னு திரும்பினேன். அப்பத்தான் அது."

"என்ன சொன்னேன்?"

"தெரியாது. அதான் எனக்குத் தெரியாது."

இவ்வளவு நாளாக அவரிடம் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. நான் சொன்ன ஒரு சொல்லுக்காகத் திரும்பியிருக்கிறார். நாலு மாதம் அதைத் தனியாக வைத்துக்கொண்டு, எனக்கு மாத்திரை எடுத்துத் தந்து, தலை துவட்டி விட்டு... ஏங்க, என்று மட்டும் சொன்னேன். வேறு சொல் வரவில்லை. இந்தத் தடவை அது அடிபட்டதால் இல்லை.

ஜூன் 22

பசிக்கிறது என்று சொல்லியிருப்பேன். செருப்பு கழலுது. மெதுவாப் போங்க. அத்தைக்குப் பழம் வாங்கணும். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். அவரும் யோசித்துத் தலையாட்டுகிறார்.

ஜூன் 24

தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை. வழியெல்லாம் மழை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் பின் சீட்டில் அவர் மடியில் படுத்துக்கொண்டே வந்தேன். அத்தை நெடுமங்காடு வரை சஷ்டி கவசம் சொன்னார்.

ஜூன் 25

வாரியல், கரண்டி, சாவி, குடை, சிரட்டை. விடியற்காலையில் சொல்லிப் பார்த்தேன், எல்லாம் வந்தது. மகள் பெயர், அத்தை பெயர், அவர் பெயர். தலை சிரைக்க ஆள் வந்துவிட்டார்.