வில்லன் குரல்

அந்த டேக்கை மாற்றச் சொன்னது தேவைதானா என்று இப்போதும் யோசிக்கிறேன். கரும்புத் தேரை என்ற, தவளை மாதிரியான பிராணியைப் பற்றிய ஆஸ்திரேலிய ஆவணப்படம், வழக்கமான டப்பிங் வேலை. திரையில் தேரை வரும்போதெல்லாம் எங்கள் குரல் கலைஞர் தொண்டையைக் கரகரப்பாக்கிப் பேசி, நடுவில் ஒரு நம்பியார் சிரிப்பையும் சேர்த்துவிட்டார். கன்சோலில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

"தம்பி, அந்தக் குரல் வேண்டாம். சாதாரணமாப் பேசிடுங்க" என்றேன்.

"ஏண்ணே, அது வில்லன்தானே? அதைக் கடிச்ச குவோல் செத்துப் போகுது. படமே அதைத்தானே காட்டுது?"

படம் அதைத்தான் காட்டியது. குவோல் என்பது உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட, பூனை அளவு வேட்டை விலங்கு. தேரையின் தோளிலுள்ள சுரப்பிகளின் விஷம் இதயத்தைத்தான் தாக்கும். உடும்பு, பாம்பு, நன்னீர் முதலைகூடச் செத்திருக்கின்றன. ஆனால் தேரை தானாக வந்ததா? 1935-ல் கரும்பு ஆராய்ச்சிக்காரர்கள் ஹவாயிலிருந்து சுமார் 100 தேரைகளைக் கொண்டுவந்து, குவீன்ஸ்லாந்தில் பெருக்கி, வயலில் விட்டார்கள். கரும்பை அழிக்கும் வண்டுகளைத் தின்னட்டும் என்று! வண்டு இருந்தது உயரத்தில், அதன் புழு இருந்தது மண்ணுக்கடியில். தேரைக்கு இரண்டுமே எட்டவில்லை. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் பிராணி அது, கிடைத்த மற்றதையெல்லாம் தின்று கண்டத்தின் குறுக்கே மேற்குவரை போய்விட்டது.

இதையெல்லாம் சொன்னேன். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யார் கொண்டுவந்தா என்னண்ணே, செத்தது குவோல்தானே" என்றார்.

மார்க் லூயிஸ் 1988-ல் இதே தேரைகளை வைத்து ஒரு படம் எடுத்தார். கேமராவைத் தரையோடு வைத்து, தேரையின் கண் மட்டத்தில் ஊரைக் காட்டுவார். படம் முழுக்க நக்கல். ஆனால் சிரிப்பெல்லாம் மனிதர்களைப் பார்த்துத்தான்: கொண்டுவந்தவர்கள், வெறுப்பவர்கள், செல்லமாக வளர்ப்பவர்கள். எங்கள் டேக்கில் சிரிப்பு தேரையின் தலையில் விழுந்தது, அதுதான் எனக்கு ஒட்டவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அன்று எனக்கு லூயிஸும் ஞாபகம் வரவில்லை, யாரும் வரவில்லை. காதில் உறுத்தியது, நிறுத்தச் சொன்னேன். நியாயம் அப்புறம் தேடியதுதான்.

இதே நான்தான் வேறொரு படத்தில் கழுதைப்புலிக்குப் பேட்டை ரவுடிக் குரல் கேட்டு வாங்கினேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. கழுதைப்புலியாவது அதன் சொந்த ஊரில் இருந்தது. இது ஒரு வாதமா என்று கேட்டால், பாதி வாதம்.

தம்பி கோபப்படாமல் சாதாரணக் குரலில் பேசித் தந்தார். மிக்ஸில் கேட்டபோது தேரை வெறும் தேரையாக இருந்தது. சரி, நான் கேட்டது அதைத்தான். ஆனால் குவோல் சாகும் இடமும் வானிலை அறிக்கை மாதிரிப் போய்விட்டது. முதல் டேக்கில் அந்த இடத்தில் "ஐயோ" என்ற சவுண்ட் இன்ஜினியர், இந்த முறை லெவலை மட்டும் பார்த்தார். க்ளையண்ட் அப்படியே ஓகே செய்துவிட்டார்கள். குவோலுக்கு மட்டும் கொஞ்சம் இரக்கத்தோடு இன்னொரு டேக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், தேரையைக் கோல்ஃப் மட்டையால் அடிக்கும் காட்சிக்கு எந்தக் குரல் என்று தம்பி கேட்டிருப்பார்.