மணலில் சரியும் வண்டிக்கு ஒரு கிராஷ் பார்

கடந்த ஆவணியில், சோழகக் காற்று ஓயாது வீசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், யாழ்ப்பாணத்தின் மருதங்கேணியிலிருந்து சுண்டிக்குளம் நோக்கிச் செல்லும் மணற்பாதையில் எனது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மோட்டார் சைக்கிள் இடப்பக்கமாகச் சரிந்தது. வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்கும் குறைவாகவே இருந்தது. முன்சக்கரம் மணலுக்குள் புதைந்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வண்டியை நிமிர்த்திய பின்னர்தான், கியர் லீவர் உட்புறமாக மடிந்து எஞ்சினின் இடப்பக்க மூடியைக் குத்தியிருந்ததையும், அந்த மூடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு விழுந்து ஒயில் சொட்டுச் சொட்டாக மணலில் இறங்கிக்கொண்டிருந்ததையும் கண்டேன். அவ்வழியே லான்ட்மாஸ்டரில் (பெட்டி பூட்டிய இரு சக்கர உழவு இயந்திரத்தில்) வந்த ஒருவர் இரக்கப்பட்டுத் தன் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திராவிட்டால், வண்டியை அன்றிரவு அங்கேயே விட்டுவர நேர்ந்திருக்கும்.

மூடிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதை இங்கே வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஐந்து ஆண்டுகள் எங்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத்தந்தன: கையில் இருக்கும் வண்டியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், உடைந்த பாகம் நாளைக்கே கிடைக்கும் என்று நம்பக்கூடாது. ஆகவே வெடித்த மூடியை மேசைமேல் வைத்துக்கொண்டு, வண்டி விழும்போது எஞ்சினைக் காக்கும் இரும்பு வளையமான கிராஷ் பாரில் இனி எதைப் பூட்டுவது என்ற கேள்வியில் இறங்கினேன்.

இணையத்தில் காணப்படும் படங்களும் அறிவுரைகளும் பெரும்பாலும் பெரிய வண்டிகளுக்கானவை. உதாரணமாக, பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோகிராம் எடையுள்ளது. அதன் இரு சிலிண்டர்களும் இரு பக்கங்களிலும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. அத்தகைய வண்டி கற்பாறையில் விழும்போது பெற்றோல் ராங்கி வரைக்கும் சுற்றிவளைக்கும் கூடு தேவைப்படலாம். என் வண்டியோ ஏறத்தாழ 155 கிலோகிராம்; நான் ஓடும் இடமோ மலை இல்லாத ஒரு குடாநாடு. ஆகவே முதலில் செய்ய வேண்டியது கடைப்பட்டியலைப் பார்ப்பதல்ல, என்னுடைய விழுகைகளைப் பார்ப்பது என்று தீர்மானித்து, இரண்டு ஆண்டுகளில் வண்டி எங்கெங்கே, எப்படியெப்படிச் சரிந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதினேன். நிறுத்தி வைத்த இடத்தில் சைட் ஸ்ராண்ட் மணலுக்குள் இறங்கிச் சரிந்தவையும், கல்லுண்டாய் வெளியில் காற்றுத் தள்ளி விழுத்தியவையும், மணற்காட்டிலும் சுண்டிக்குளத்திலும் நடை வேகத்தில் சரிந்தவையுமே அதில் நிறைந்திருந்தன. தார் வீதியில் வழுக்கியது ஒரே ஒரு தடவை, அதுவும் மழைக்காலத்தில் ஒரு மாட்டுக்காகப் பிறேக் பிடித்தபோது.

அந்தக் கொப்பியைப் பார்த்தபோதுதான் நான் அதுவரை கவனிக்காத ஒன்று புலப்பட்டது. கடினமான தரையில் ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்தால், ஹாண்டில் முனையும் கால்மிதியும் ரயர்களும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. எஞ்சின் மூடி பெரும்பாலும் தரையைத் தொடாமலே தப்பிவிடுகிறது. மணலில் அவ்வாறில்லை. ஹாண்டில் முனையும் கால்மிதியும் மணலுக்குள் புதைந்துவிடுவதால் வண்டி மேலும் தட்டையாகப் படுக்கிறது, கியர் லீவரும் எஞ்சின் மூடியும் முழுப் பாரத்தோடு கீழே அழுத்தப்படுகின்றன. மணல் மென்மையானது, அதில் விழுந்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நாம் சொல்லிக்கொள்வது சவாரி செய்பவரின் உடம்புக்குப் பொருந்தலாம். எஞ்சின் மூடிக்குப் பொருந்தாது. எனவே எனக்கு வேண்டியது ராங்கியைச் சுற்றிய உயரமான கூடு அல்ல, எஞ்சினின் கீழ்ப்பாதிக்கு வெளியே நன்றாக நீட்டி, மணலில் கத்திபோல் இறங்காமல் அகலமாகப் படிந்து நிற்கக்கூடிய ஒரு தாழ்ந்த வளையம்.

அடுத்து, அந்த வளையத்தை எதில் பூட்டுவது என்ற கேள்வி. கிராஷ் பார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் குழாயின் தடிப்பையும் பெயின்ற்றின் நிறத்தையும் பார்க்கிறார்கள், பூட்டும் இடத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. என் நண்பர் ஒருவர் தன் வண்டிக்கு வாங்கிய பார், பக்கத்துக்கு ஒரே ஒரு போல்ற்றில், அதுவும் எஞ்சின் உடலிலேயே இறங்கும் போல்ற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் வண்டி சரிந்தபோது பார் சிறிதும் வளையவில்லை. மாறாக நெம்புகோலாக மாறி, அந்தப் போல்ற் இறங்கியிருந்த அலுமினிய வார்ப்பையே பிளந்துவிட்டது. மூடி உடைந்தால் மூடியை மாற்றலாம், எஞ்சின் உடல் பிளந்தால் எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். அவர் பட்ட செலவை நான் அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் விழும் அடி, எஞ்சினுக்குள் போகாமல் வண்டியின் சட்டகமான பிறேமுக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு பிடிப்புகள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்க வேண்டும்; இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் முன்னால் ஒரு குறுக்குக் குழாய் இணைக்க வேண்டும். குறுக்குக் குழாய் இல்லாத பார், விழும்போது கீல் போட்ட கதவைப்போல உட்புறமாகத் திரும்பி, தான் காக்க வந்த மூடியிலேயே போய் இடிக்கும். என் வண்டியில் எஞ்சினைப் பிறேமுடன் இணைக்கும் முன்பக்க நீண்ட போல்ற்றைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் தகடு பிறேமின் வெளிப்புறத்தில் படியும்படி வைத்ததால், அடி பிறேமின் முகத்தில் இறங்குகிறதே தவிர வார்ப்பில் இறங்குவதில்லை.

போல்ற்றைப் பற்றியும் ஒரு சொல். கடற்காற்றுக்குப் பயந்து எல்லாப் போல்ற்றுகளையும் துருப்பிடிக்காத உருக்குக்கு மாற்றிவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. தலையில் 8.8 என்று பொறிக்கப்பட்ட சாதாரண உருக்குப் போல்ற் நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவை அழுத்தம் 640 மெகாபாஸ்கல்; கடைகளில் கிடைக்கும் ஏ2-70 வகைத் துருப்பிடிக்காத போல்ற்றுக்கு அது 450 மட்டுமே. இலக்கப் பலகையைப் பூட்டுவதற்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. எஞ்சினைத் தாங்கும் இடத்தில் பொருட்டுத்தான். நான் அந்த இடத்தில் 8.8 ஐ விட வலிமையான, நீளம் கூடிய 10.9 தரப் போல்ற்றைப் போட்டு, கறல் பிடிக்காமலிருக்கக் கிறீஸ் பூசினேன்.

வாங்குவதா, செய்விப்பதா என்று சில நாட்கள் தடுமாறினேன். கொழும்பில் கிடைத்த இந்தியத் தயாரிப்பு ஒன்று பார்வைக்கு அழகாக இருந்தது; ஆனால் குறுக்குக் குழாய் இல்லை, ஒயில் வடிக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு தகடு வேறு. ஒயில் மாற்ற ஒவ்வொரு தடவையும் கிராஷ் பாரைக் கழற்ற வேண்டியிருந்தால், விரைவிலேயே யாரும் அதைச் சரியாக முறுக்கிப் பூட்டமாட்டார்கள். ஆகவே எங்கள் ஊரில் நீண்ட காலமாக வெல்டிங் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் போனேன். குழாயில் செய்ய வேண்டும் என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, 16 மில்லிமீற்றர் திண்மக் கம்பியைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, உள்ளுக்குப் பொந்தாக் கிடக்கிற சாமானை நம்பி என்னெண்டு வண்டியைச் சரிக்கப் போறீர்? இதைப் பாரும், உலக்கை மாதிரி."

பார்வைக்கு அவர் சொன்னதுதான் சரியெனத் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. 16 மில்லிமீற்றர் திண்மக் கம்பி மீற்றருக்கு ஏறத்தாழ 1.6 கிலோகிராம் வரும். 25.4 மில்லிமீற்றர் வெளி விட்டமும் 2 மில்லிமீற்றர் சுவர்த் தடிப்பும் உள்ள குழாய் மீற்றருக்கு 1.15 கிலோகிராம்தான், ஆனால் வளைவுக்கு அது காட்டும் விறைப்பு அந்தக் கம்பியைப்போல் மூன்று மடங்கு. உலோகம் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவை எதிர்க்கும். நடுவில் கிடப்பது பாரமாக மட்டுமே கிடக்கும். மூங்கில் நிற்பதும் இப்படித்தான் என்று சொன்னபோது அண்ணை சிறிது நேரம் பேசாமல் இருந்தார், பிறகு அளவுநாடாவை எடுத்தார். 22 மில்லிமீற்றர் குழாய் போதாதா என்றும் பார்த்தோம். அதே சுவர்த் தடிப்பில் 22 இலிருந்து 25.4 இற்குப் போனால் எடை 17 சதவீதம் கூடுகிறது, விறைப்போ ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. அதற்கு மேல் தடித்த குழாயை நான் விரும்பவில்லை, ஏனெனில் பெரிய அடி விழும்போது முதலில் வளைய வேண்டியது குழாய்தான். பிறேமை விட வலிமையான கிராஷ் பார், தான் நேராக நின்றுகொண்டு பிறேமை வளைத்துவிடும்.

துருப்பிடிக்காத உருக்கில் செய்யாததற்கும் இதே போன்ற காரணம் உண்டு. பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாதையாலும் அடிக்கடி போகிறவனுக்கு அந்த உலோகம் ஆசையைத் தூண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 304 வகை கடலோரத்தில் பழுப்புப் புள்ளிகள் போடும். உப்புக்கு நன்கு தாக்குப்பிடிக்கும் 316 வகை விலை கூடியது. இரண்டையும் ஒழுங்காக ஒட்ட ஆர்கன் வாயு இருந்தால் நல்லது. மென் உருக்கு வளைந்தால், முல்லைத்தீவில் ஏதாவதொரு உழவு இயந்திரக் கராஜில் சூடாக்கி நிமிர்த்தி, சாதாரண வெல்டிங் கூரால் ஒட்டிவிடலாம். கடையில் கிடந்த நாகம் (துத்தநாகம்) பூசிய தண்ணீர்க் குழாயை மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அந்தப் பூச்சை அகற்றாமல் ஒட்டினால் ஒட்டில் காற்றுத்துளைகள் விழும். எழும் புகை ஒட்டுபவருக்குக் குளிரும் காய்ச்சலும் தரும். ஒருவர் உடம்பைக் கெடுத்து என் எஞ்சினைக் காப்பாற்றுவது எனக்கு ஒப்பாது.

வளைவுகளை அண்ணை செய்த விதம் என்னை மகிழ்வித்தது. வளைவு வரும் இடத்தில் குழாயை வெட்டி மூலை வைத்து ஒட்டியிருந்தால் ஒவ்வொரு மூலையும் முறியக்கூடிய இடமாகியிருக்கும். அவர் மணலைச் சட்டியில் வறுத்து ஈரத்தை முற்றாகப் போக்கி, குழாய்க்குள் இறுக்கமாக நிரப்பி, இரு முனைகளையும் அடைத்துச் சூடாக்கி வளைத்தார். மணல் உள்ளே இருப்பதால் குழாய் நசுங்காமல் வட்டமாகவே வளைகிறது. ஈர மணலை நிரப்பினால் நீராவி வெடித்துவிடும் என்பதால் வறுப்பதில் அவர் அவசரப்படவேயில்லை. எந்த மணல் என் மூடியை உடைத்ததோ அதே மணலால் பார் வளைந்தது.

முனைகளை அடைத்து ஒட்டி, மிகத் தாழ்ந்த இடத்தில் 4 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டோம். உள்ளே ஊறும் நீர் வெளியேறாவிட்டால் கறல் உள்ளிருந்துதான் தின்னும். மேலே நாகம் கலந்த அடிப்பூச்சு, அதன்மேல் கறுப்புப் பெயின்ற். தூளைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோற்றிங் நீண்ட நாள் நிற்கும். ஆனால் உடைந்த இடத்தில் அதை வீட்டில் திருத்த முடியாது, அதன் கீழே கறல் ஒளிந்து பரவும்.

முழுப் பாரும் 5 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அகலத்தை ஹாண்டிலின் அகலத்துக்குள் நன்றாக அடக்கினேன், எங்கள் வீட்டு ஒழுங்கையின் மதிலுக்கும் வேலிக்கும் இடையில் போய்வர அது அவசியம். முன்சக்கரம் 190 மில்லிமீற்றர் மேலெழும்பக்கூடியது. ஆகவே முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் எண்ணெயை வடித்துச் சுருளை எடுத்துவிட்டு, சக்கரத்தை முழுவதும் மேலே தள்ளிக் குறுக்குக் குழாயைத் தொடுகிறதா என்று பார்த்தோம். தொட்டிருந்தால், ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் குழாயில் சிக்கியிருக்கும்.

பூட்டிய அன்றே முற்றத்து மணலில், இருவர் பிடித்துக்கொள்ள, வண்டியை மெல்ல இடப்பக்கமாகப் படுக்கவைத்தோம். கிராஷ் பார் வாங்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன், கடைக்காரர் சொல்வதை விட இந்த ஒரு சோதனை கூடச் சொல்லும். பார் மணலில் இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. கியர் லீவருக்கும் மணலுக்கும் இடையில் மூன்று விரற்கடை இடைவெளி இருந்தது. வலப்பக்கத்தில் பிறேக் மிதி மட்டும் மணலைத் தொட்டது, அதனால் அந்தப் பக்கத்து வளையத்தைப் பின்னுக்குச் சற்று நீட்டிக்கொண்டோம்.

தை மாதத்தில் குறிகட்டுவானில் வண்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனேன். பவளக்கல் மதில்களுக்கிடையிலான ஒரு பாதையில், வண்டியைத் திருப்பும்போது கால் வழுக்கி மீண்டும் இடப்பக்கமாகச் சரிந்தது. இம்முறை கீழே இருந்தது மணலல்ல, கல். குழாயில் உள்ளங்கை நீளத்துக்குப் பெயின்ற் உரிந்து, வளையம் உட்புறமாக 4 மில்லிமீற்றர் நகர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து போல்ற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது முன்பக்கத்து ஒன்று கால் சுற்று இளகியிருந்தது. அதை இறுக்கி, உரிந்த இடத்தை உரசி அடிப்பூச்சு அடித்தேன். வளைவை நிமிர்த்தட்டுமா என்று அண்ணை கேட்டார். கியர் லீவருக்கு இன்னும் இரண்டரை விரற்கடை இடைவெளி இருப்பதை அளந்து காட்டி, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.