காஸ் பிரிட்ஜும் வெல்லவாய வெயிலும்: ஒருவழியாக ஏழு டிகிரி

சனிக்கிழமை பகல் இரண்டரை மணி, வெல்லவாய. புளியமரத்து நிழலில் தொங்கிய வெப்பமானியில் 34. காஸ் பிரிட்ஜ் பெட்டிக்குள் வைத்திருந்ததில் 7. போன மாதம் எசல போயா (பௌர்ணமி) லீவில், இதே மரத்தடியில், இதே நேரத்தில் அது 13 காட்டியது. அந்த ஆறு டிகிரியை இறக்க நாலு வாரம், இரண்டு போத்தல் ஸ்பிரிட், மனைவியின் பவுடர் டப்பாக் கண்ணாடி, கராஜ் அண்ணனோடு ஒரு சின்ன மனஸ்தாபம் எல்லாம் செலவாயின. அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன்.

பெட்டி பழசு. 33 லீற்றர், மூன்று வழி: வீட்டுக் கரண்ட், வண்டியின் 12 வோல்ட், காஸ். கொழும்பு புறக்கோட்டையில் வெளிநாட்டுப் பாவித்த சாமான் விற்கிற ஒரு கடையில் தூசு படிந்து கிடந்தது. "ஓடுமா?" என்று கேட்டேன். முதலாளி பிளக்கைச் சொருகிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சூடாக இருந்தது. அமோனியாவால் குளிரூட்டும் இந்த வகைப் பெட்டியில் பின்னால் சூடு ஏறினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மீதிப் பாதியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மலையில் இருக்கும் எங்கள் ஊர் பண்டாரவளைக்குக் கொண்டுவந்து, பின்வாசல் திண்ணையில் வைத்து, காஸில் பற்றவைத்தேன். வெளியே 21. மறுநாள் காலை உள்ளே சைபருக்குக் கீழே 4. பால் பைக்கற்று ஓரமெல்லாம் உறைந்து கல்லாகக் கிடந்தது. சத்தமே இல்லை. கம்ப்ரஸர் கிடையாது, சுற்றுகிற சாமான் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு சுண்டுவிரல் நகம் அளவு நெருப்பு அமோனியாத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது, மீதி வேலையை அமோனியாவும் ஹைட்ரஜனும் குழாய்க்குள் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. 1922-ல் ஸ்டொக்ஹோமில் பிளாட்டன், முண்டர்ஸ் என்று இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த வேலை இது. எங்கள் தாத்தா தோட்டத் துரை பங்களாவில் அப்புவாக (வேலையாளாக) இருந்தவர். அங்கே இதே சாதி பிரிட்ஜ் மண்ணெண்ணெயில் ஓடியதாம். திரியைக் கத்தரிக்க மறந்தால் புகை, புகைந்தால் துரைக்கு ஐஸ் இல்லை, ஐஸ் இல்லாவிட்டால் தாத்தாவுக்கு ஏச்சு. அந்தக் கதையைச் சின்ன வயதில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! உபயோகமான விஷயம் அதில்தான் இருந்தது என்று பிறகுதான் விளங்கியது.

திண்ணை வெற்றியை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, எசல லீவில் குடும்பத்தோடு வெல்லவாயவுக்கு இறங்கினோம். மாமாவின் பப்பாளிக் காணி, கிரிந்தி ஓயாப் பக்கம். எல்லயிலிருந்து இராவணன் எல்ல அருவியைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கும்போதே காது அடைக்கும், சட்டை ஒட்டும். தென்மேற்குப் பருவத்தில் மேகமெல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக மலையிறங்கி வருகிறது. கிழக்கே கச்சான் என்பார்களே, அந்தக் காய்ந்த காற்றுதான். கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் நாள் மாலைக்குள் 13. இரண்டாம் நாள் பகலும் 13. இரண்டு கிலோ கோழியை மோந்து பார்த்த மனைவி ஒன்றும் சொல்லாமல் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. இந்த வகைப் பெட்டிக்குக் கழித்தல் கணக்கு மட்டும்தான் தெரியும். வெளியே எத்தனை டிகிரியோ, அதில் 25 முதல் 30 வரை கழித்துக் கொடுக்கும். அதுவும் எல்லாம் ஒழுங்காக இருந்தால். பண்டாரவளையில் 21-ல் 25 போனால் ஐஸ். வெல்லவாயவில் 35-ல் 22 போனால் கோழி நாற்றம். திண்ணையில் நான் பீற்றியது பெட்டியின் கெட்டித்தனத்தை இல்லை, எங்கள் ஊர்க் குளிரை. சரி, 35-ஐ என்னால் மாற்ற முடியாது. ஆனால் 22 ஏன் 27 ஆகக் கூடாது? அந்த ஐந்து எங்கே ஒழுகுகிறது?

பெரும்பகுதி ஜெட்டில், அதாவது காஸ் பீறி வருகிற சின்னத் துவாரத் துண்டில், ஒழுகியது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

எரிகிற இடம் பெட்டியின் அடியில், பின்மூலையில். நெருப்பைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் உண்டு. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தால்தான் தெரியும். வெயிலில் அதுவும் தெரியாது. பவுடர் டப்பாக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, தலைக்கு மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். நீலமாக, கூராக நிற்கவேண்டிய நெருப்பு மஞ்சள் நுனியோடு சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் என்றால் காஸும் காற்றும் சரியாகச் சேரவில்லை, கரி கட்டுகிறது என்று அர்த்தம். தாத்தாவின் திரிதான்.

வீட்டில் கழற்றினேன். காற்று போகிற குழாய்க்குள் பஞ்சு மாதிரி சிலந்தி வலை. இந்த எரிவாயு வாடை சிலந்திக்குப் பிடிக்கும் என்பார்கள்; பிடிக்குமோ என்னவோ, குடியிருந்தது நிஜம். புகைக்குழாய்க்குள் தொங்குகிற முறுக்குத் தகட்டில் கரி அப்பியிருந்தது. அதை போத்தல் கழுவுகிற பிரஷால் தேய்த்தேன். ஜெட் மட்டும் வரவில்லை. பித்தளை, மிளகு அளவு, இறுகிப்போய் இருந்தது. சரி என்று கராஜ் அண்ணனிடம் போனேன். அவர் இரண்டு ஸ்பானர் போட்டு ஒரே திருகில் எடுத்துவிட்டார். எடுத்த கையோடு அக்சிலேட்டர் கேபிளிலிருந்து ஒரு நூல் கம்பியை உருவினார். ஆட்டோ கார்புரேட்டர் ஜெட்டை அவர் அப்படித்தான் குத்துவார்.

"அண்ணே, கம்பி போடாதீங்க!" என்று கையைப் பிடித்துவிட்டேன்.

"இருபது வருஷமா குத்துறேன் தம்பி. எந்த வண்டி நின்னுச்சு?"

வண்டி நிற்காதுதான். ஆனால் இந்த ஓட்டை கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. பித்தளை மென்மையானது. கம்பி கொஞ்சம் உரசினாலும் துவாரம் அகன்றுவிடும். அகன்றால் காஸ் கூடும், நெருப்பு மறுபடி மஞ்சளாகும், திரும்பக் கரி. புது ஜெட் இந்த நாட்டில் கிடைக்காது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தும் சரியாகவில்லை.

வீட்டில் ஒரு சின்னக் கிளாசில் ஸ்பிரிட் ஊற்றி ஜெட்டை இரவு முழுக்கப் போட்டேன். காலையில் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துவாரத்தில் ஒரு பக்கம் பிறை மாதிரி இருட்டு. மறுபடி ஸ்பிரிட். சைக்கிள் பம்பில் ரப்பர் குழாய் மாட்டி, காஸ் வெளியே வருகிற பக்கத்திலிருந்து உள்பக்கமாக ஊதினேன். மூன்றாம் நாள் காலை முழு வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்த சந்தோஷம், போனஸ் வந்த நாளில்கூட இருந்ததில்லை. மாட்டி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, பற்றவைத்து, காஸ் திருகியைப் பிடித்து அழுத்திக்கொண்டு இருபது எண்ணி, விட்டேன். நீலம். ஆடாத நீலம்.

அடுத்தது காற்று. முதல் பயணத்தில் காற்றுக்குப் பயந்து, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பெட்டியை அதில் இறக்கி வைத்திருந்தேன். மாமா வந்து பார்த்து ஏசினார். அவர் சொன்னது சரிதான்: இந்த காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் குழியிலேயே தங்கும். அதோடு பின்பக்கச் சூடும் குழிக்குள்ளேயே சுற்றும். சூட்டை வெளியே தள்ளினால்தானே உள்ளே குளிரும்? இந்தத் தடவை குழி இல்லை. காற்று வரும் பக்கம் ஒரு முழம் தள்ளி வேனை நிறுத்தி, அடியில் தகரத் துண்டு ஒன்றைச் சாய்த்தேன். நெருப்பு இரண்டு நாளில் ஒரே ஒரு தடவைதான் அணைந்தது. அணைந்தால் உள்ளே இருக்கிற பாதுகாப்பு வால்வு காஸைத் தானாகவே மூடிவிடும். அதனால் வெடிக்காது, ஆனால் சத்தமும் வராது. பெட்டி கமுக்கமாகச் சூடேறும். இரண்டு மணிக்கொரு தடவை கண்ணாடியும் கையுமாகப் படுத்துத்தான் ஆகவேண்டும். பக்கத்துக் காணிக்காரர் நான் ஏதோ வேண்டுதல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

மட்டம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று டிகிரி சாய்ந்தாலே குழாய்க்குள் திரவம் வழிந்து திரும்பாது. ரசமட்டம் வைத்தேன், ஓட்டுத் துண்டுகளை அடைகொடுத்தேன், முடிந்தது. நிழல் மட்டும் கவனம்: காலை பதினொன்றுக்கு நிழலாக இருக்கிற இடம் இரண்டு மணிக்கு நிழல் இல்லை.

கடைசியாக, சூடான சாமானை உள்ளே போடக்கூடாது. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை 34-லிருந்து 7-க்கு இறக்க ஏறத்தாழ 170 கிலோஜூல் வேண்டும். எனது பெட்டியின் ஹீட்டர் 85 வாட். அதில் கால் பங்கு குளிராக மாறுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு போத்தலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். போன தடவை நாலு போத்தல் போட்டேன், பகலில்! இந்த முறை எல்லாவற்றையும் வீட்டு பிரிட்ஜில் இரவே குளிர்வித்து, கோழியைக் கல்லாக உறையவைத்து, பெட்டியையும் ஒரு நாள் முழுக்கக் கரண்டில் ஓடவிட்டு ஏற்றினேன். இறங்கும் வழியில் 12 வோல்ட். வேன் நின்றதும் அதைக் கழற்றிவிடவேண்டும். மறந்தால் காலையில் வேன் தள்ளத்தான் ஆள் தேடவேண்டும்.

இரவில் வெளியே 25-க்கு இறங்கியதும் உள்ளே 1. பகல் இரண்டரைக்கு 7. கோழிக்கு 5-க்குக் கீழே இருந்தால்தான் மனதுக்கு நிம்மதி. அதனால் கோழியை முதல் இரவே சமைத்தோம். பாலும் மருந்தும் தப்பின. வழியில் வாங்கிய எருமைத் தயிர்ச் சட்டி மட்டும் பெரிய இடைஞ்சல்: உருண்டை வயிறு, 33 லீற்றரில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது.

காஸ் செலவு பெரிதில்லை. 2.3 கிலோ சிலிண்டரைக் கொண்டுபோகும் முன்பும் வந்த பிறகும் தொங்குதராசில் போட்டேன். 46 மணி நேரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. 2022-ல் காஸ் வரிசையில் நின்ற ஞாபகம் இருப்பதால் இந்தக் கணக்கு மட்டும் கை தானாகவே எழுதிவிடுகிறது.

இதே பெட்டியை டிசம்பரில் நுவரெலியாவுக்கு ஏற்றிப் பார்க்க ஆசை. அங்கே வேறு தலைவலி காத்திருக்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான்; நெருப்புக்குக் காற்று போதாமல் மறுபடி மஞ்சள் நுனி வரலாம். விடியற்காலைக் குளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாமல், பாதிச் சிலிண்டர்கூட மூச்சு வாங்கும். ஆக, கீழே போனால் வெயில் கெடுக்கிறது, மேலே போனால் காற்று கெடுக்கிறது. பெட்டி நன்றாக ஓடுகிற இடம் நடுவில் இருக்கும் பண்டாரவளைத் திண்ணைதான். அங்கே எனக்கு வீட்டு பிரிட்ஜே இருக்கிறது.

கம்ப்ரஸர் பெட்டியும் லிதியம் பேட்டரியும் வாங்கச் சொல்லி மைத்துனர் நச்சரிக்கிறார். வெளியே 34 ஆனாலும் 40 ஆனாலும் அது சொன்ன இடத்தில் நிற்கும், தெரியும். விலையும் தெரியும். அதற்கு முன்பு பின்பக்கச் சூட்டை இழுக்க, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைச் சிறிய சோலார் தகட்டோடு மாட்டிப் பார்க்கப் போகிறேன். ஃபேன் கையில் இருக்கிறது. காற்று நெருப்பின் பக்கம் போகாமல் மேல் தகடுகளுக்கு மட்டும் போகிற மாதிரி ஒரு மடிப்புத் தகரம் வேண்டும். அதற்குக் கராஜ் அண்ணனிடம்தான் போகவேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம் வந்து, மூடியின் ரப்பரில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மூன்று மூலையில் பிடித்தது. இடது பின்மூலையில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சுடுதண்ணீரில் நனைத்த துணியை அந்த மூலையில் போட்டு, மூடிக்கு மேலே அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் திரும்பக் காகிதம் போடவேண்டும்.