மொட்டை மாடி ஷீட்டில் செம்புள்ளிகள்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நீலக் கலர் ஷீட் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், அம்மை போட்ட மாதிரி செம்புள்ளிகள். உப்புக்காற்று சார் என்றார் வேலை செய்தவர். ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினேன். பொடி இரும்புத் துணுக்கு ஒன்று கையோடு வந்தது.

ஷீட்டைக் கூரைமேலேயே வைத்து கட்டிங் மெஷினில் அறுத்திருக்கிறார்கள். தீப்பொறி சுடச்சுட பெயின்ட்டைப் பொசுக்கி ஒட்டிக்கொள்ளும், ஈரம் பட்டதும் துருப்பிடிக்கும். அறுத்த விளிம்பிலும் பூச்சு கருகிவிடும். தகரக் கத்தரியில் வெட்டினால் இந்த வம்பே இல்லை. டிரில் போட்ட தூளையும் அன்றன்றே பெருக்கித் தள்ள வேண்டும்.

பக்கச் சுவருக்கு பெயின்ட் இல்லாத வெள்ளி நிற ஷீட். இந்த முறை நானே கூட நின்றேன். பென்சிலில் கோடு போடப் போனார்கள்; ஓடிப்போய் மார்க்கர் வாங்கி வந்தேன். பென்சில் கரி ஈரத்தோடு சேர்ந்தால் அந்த இடத்திலேயே அரிப்பைக் கிளப்பும். கேட்டுச் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம் ஏசி. செம்புக் குழாயில் பட்டுச் சொட்டும் தண்ணீர், ஷீட்டின் மேல்பூச்சில் இருக்கும் அலுமினியம், துத்தநாகம் இரண்டையும் தின்றுவிடும். பிளாஸ்டிக் குழாய் மாட்டித் தரைக்கு இறக்கிவிட்டேன்.