தூக்கலான முன்பற்களும் பின்தங்கிய கீழ்த்தாடையும்: ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு அலைந்த அனுபவம்

மகளின் மேல்வரிசை முன்பற்கள் தூக்கலாக இருப்பதைப் பற்றி அவள் இரண்டாம் வகுப்பில் படித்தபோதே ஒரு பல் மருத்துவரிடம் கேட்டோம். பால்பற்கள் முழுவதும் விழட்டும், பிறகு கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். அந்தப் பதிலின் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. பற்கள் மட்டும் கோணலாக இருந்தால் பெரியவர்களான பிறகும் நேராக்கலாம். கீழ்த்தாடையே பின்தங்கியிருந்தால் வளரும் வயதில்தான் அதற்கு வழி இருக்கிறது என்பதை அவர் சொல்லவே இல்லை. 7 வயதுக்குள் குழந்தையை ஒருமுறை ஆர்த்தோடான்டிஸ்டிடம், அதாவது பல், தாடை சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்டுகள் சங்கம் பரிந்துரைப்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

பிறகு சேலத்தில் ஒரு மருத்துவமனையில், முழு வாயையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மேலே இரண்டு பற்களைப் பிடுங்கிக் கம்பி கட்டிவிடலாம், இன்றே முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். பல் எடுப்பது சிலருக்குச் சரியான சிகிச்சைதான். ஆனால் தாடை எப்படி இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்க்காமலே எப்படி முடிவு செய்தார்கள் என்ற என் கேள்விக்குப் பதில் வரவில்லை. வேறிடத்தில் காட்ட அந்த எக்ஸ்ரேயைக் கேட்டதற்கும் தர மறுத்துவிட்டார்கள். எடுத்த அன்றே எக்ஸ்ரேயின் நகலைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குழந்தைக்கு மறுபடியும் எடுக்க நேரும், எங்களுக்கு அப்படித்தான் நேர்ந்தது.

அடுத்த இடத்தில் பட்ட பாடு வேறு. முதல்நாளே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்து, பேருந்தில் வாந்தியெடுக்கும் பிள்ளையை 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தாங்கிப் பிடித்து இறங்கிப் போய் நண்பகல் வரை உட்கார்ந்திருந்த பிறகுதான், "ஆர்த்தோ டாக்டர் இங்கயே இருக்கறவங்க இல்லீங்க அக்கா, மாசத்துல ஒரு நாள்தான் வருவாங்க" என்றார் வரவேற்பில் இருந்த பெண். பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. ஐந்தாண்டு பிடிஎஸ் முடித்த பின் மூன்றாண்டு எம்டிஎஸ் படிப்பில் இந்தத் துறையைப் படித்தவர் யார், அவர் எந்தக் கிழமைகளில் இருப்பார், கடைசிவரை அவரே பார்ப்பாரா என்ற மூன்றையும் கேட்காமல் மலையிலிருந்து இறங்காதீர்கள்.

கடைசியாகக் கிடைத்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்தான் அளவுகோல். மேல்பல்லின் முன்பக்க வெளிமுனை கீழ்ப்பல்லின் பள்ளத்தில் பொருந்த வேண்டும் என்பதை வைத்து எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899இல் வகுத்த மூன்று பிரிவுகளைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். மகளுக்குக் கீழ்ப்பல் பின்னால் இருந்தது. அதாவது இரண்டாம் பிரிவு. மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையைவிட எவ்வளவு முன்னால் நிற்கின்றன என்ற இடைவெளி வழக்கமாக 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; அவளுக்கு 9 மில்லிமீட்டர். கீழுதடு அந்த இடைவெளிக்குள் புகுந்து மேல்பற்களை மேலும் தள்ளிக்கொண்டிருந்தது. இப்படித் துருத்திய பற்கள் விழுந்தால் எளிதில் உடையும் என்றும் எச்சரித்தார். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தெரிந்த கழுத்தெலும்புகளின் வடிவத்தைக் காட்டி, வளர்ச்சி வேகம் இன்னும் அடங்கவில்லை, இப்போதே தொடங்கலாம் என்று அவர் சொன்ன நிமிடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அளவெடுப்பது, மாவு அச்சு எல்லாம் சிரமமின்றி முடிந்தன. அவளுக்கு முதலில் கொடுத்தது ட்வின் பிளாக். அது மேலுக்கொன்றும் கீழுக்கொன்றுமாகக் கழற்றி மாட்டும் இரண்டு தகடுகள். அவற்றின் சரிவான முகப்புகள் வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தி நிறுத்துகின்றன. தாடை நீண்டுவிடும் என்று அளவுக்கு மீறி நம்ப வேண்டாம், மாற்றத்தில் பெரும்பங்கு பற்கள் நகர்வதால் வருவது என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். பேச்சு குழறுகிறதென்று பள்ளியில் அதைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். நாள் முழுவதும் மாட்டியிருந்தால்தான் பயன் என்பதால், மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அதன்பின் யாரும் தடுக்கவில்லை. அந்தக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் கம்பி கட்டியபோது புதுத் தொல்லை வந்தது. சேலம் மாவட்டத்தின் சமவெளி ஊர்கள் சிலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். சிறுவயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் என்பதால் அவள் பற்களில் வெண்திட்டுகள் உண்டு; அத்தகைய எனாமலில் பசை எளிதில் பிடிப்பதில்லை. கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய சிறு பிராக்கெட்டுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மலையிறக்கம். பல்லைக் கூடுதல் நேரம் அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டிய பிறகுதான் நின்றன. பல்லில் கறையோ திட்டோ இருந்தால் கம்பி கட்டும் முன்பே மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். கடித்தால் பிராக்கெட் பெயரக்கூடிய தட்டுவடை செட், முறுக்கு எல்லாவற்றையும் அவள் மறுபேச்சில்லாமல் விட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இப்போது இடைவெளி 3 மில்லிமீட்டர். உதடுகள் தாமாக மூடுகின்றன. நகர்ந்த பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால் அவற்றை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிட்டெய்னரை இரவில் போடுகிறாள். மொத்தக் கட்டணத்தில் ரிட்டெய்னர் சேராது என்பதைக் கம்பி கழற்றும் நாளில்தான் சொன்னார்கள். அது சேருமா, தொலைந்தால் புதிதுக்கு எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.