காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை
வார்டில் எல்லோரும் "கேஸ் மாத்திரை" என்று அழைக்கும் பான்டோப்ரசோலை, காலை இட்லிக்குப் பிறகு மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் உணவு வரும்போதுதான் முழுவீச்சில் இயங்குகின்றன என்பதால், அவற்றை முடக்கும் மருந்து அதற்கு முன்பே இரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். ஆகவே, உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் கொடுப்பதே நல்லது.

மாத்திரையின் மேற்பூச்சு, மருந்து வயிற்று அமிலத்தில் சிதையாமல் குடலை அடைவதற்காகப் பூசப்பட்டது. மூக்கு வழியே டியூப் போட்ட நோயாளிக்காக அதைப் பொடித்துக் கரைத்தால் மருந்து வீணாகும் (அவசரத்தில் இதுதான் அதிகம் நடக்கிறது). மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஊசியானால், 40 மில்லிகிராம் பொடியை 10 மில்லி நார்மல் சலைன் என்னும் உப்புக்கரைசலில் கரைத்து, 2 நிமிடங்களுக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்துகிறோம்.

இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்து, இரத்தக்கட்டியைத் தடுக்கும் குளோபிடோக்ரல் உட்கொள்பவரின் சீட்டில், பான்டோப்ரசோல் வகையைச் சேர்ந்த ஒமெப்ரசோல் இருந்தால், கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவேன். ஏனெனில் அது குளோபிடோக்ரலின் வீரியத்தைக் குறைக்கிறது. நீண்ட காலமாக இவ்வகை கேஸ் மாத்திரையில் இருப்பவருக்குத் தசைப்பிடிப்பு வந்தால் மெக்னீசியம் குறைந்திருக்கலாம், கைகால் மரத்துப்போனால் வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம், நீர்போன்ற பேதி நிற்காமல் போனால் குடல் தொற்றாக இருக்கலாம் என்பதால், மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி அன்றே தெரிவிக்கிறோம்.